நாச்சியும் நாயகியும்

சுரங்கத்துக்குப் போகும் முதல் ஷிப்டு பஸ் அப்போதுதான் தெருமுனை திரும்பியது. இசக்கிமுத்து அதில் போகவில்லை. இன்று மகளுக்குப் பேர் வைக்கும் நாள்.

அவனுடைய அக்கா பேச்சியம்மாள் முந்தின நாள் சாயங்காலமே வந்துவிட்டாள். திருநெல்வேலியிலிருந்து ரயில், விருத்தாசலத்தில் இறங்கி பஸ். வந்ததும் வாசலில் நின்று குவார்ட்டர்ஸ் பிளாக்கை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏல, எல்லா வீடும் ஒண்ணு போலல்லா இருக்கு. நைட் ஷிப்டு முடிஞ்சு தூக்கக் கலக்கத்துல வேற வீட்டுக்குள்ள போயிர மாட்டியா?"

பிறகு பையைத் திறந்து ஒரு வெள்ளி அரைஞாணை எடுத்து வைத்தாள். பேரை யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பேர். பெரியநாச்சி. குழந்தையின் காதில் அதை மூன்று தரம் சொல்ல வேண்டியது அத்தைக்காரி. அதற்குத்தான் வந்திருந்தாள்.

தனபாக்கியம் அந்தப் பேரைச் சொல்ல மாட்டாள். மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்வதில்லை. செத்து நாலு வருஷமான பிறகும் சொல்வதில்லை. மாமியார் கூட இருந்த காலத்தில் ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் பேர் கேட்டார். "ஆண்டாளை எப்படிச் சொல்லிக் கும்பிடுவாங்க? அதுக்கு முன்னால ஒரு ‘பெரிய’ போட்டுக்கோங்க" என்றாள். அவர் பெரிய ஆண்டாள் என்று எழுதிக்கொண்டு போனார்.

நாளை முதல் மகளையும் அப்படித்தான் சுற்றி வளைத்துக் கூப்பிட வேண்டியிருக்கும்.

தனபாக்கியத்தின் மனசில் வேறொரு பேர் இருந்தது. பெரியநாயகி.

பெரியநாயகி பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சிங்காரவேலின் மனைவி. பிறந்தது பக்கத்திலிருக்கும் வடக்குத்து கிராமம். தனபாக்கியத்துக்குப் பிரசவமான கையோடு காய்ச்சல் கண்டது. நினைவு தப்பியது. ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தாள். பால் வற்றிப்போனது. டப்பாப் பாலைக் குழந்தை கக்கியது. நாளுக்கு நாள் வாடியது. ஒரு நாள் பெரியநாயகி வந்து பார்த்தாள். குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவளை யாரும் கேட்கவில்லை. அவளுக்கு ஆறு மாதத்துப் பையன் இருந்தான்.

"ஒரு பக்கம் அவனுக்கு, ஒரு பக்கம் இவளுக்கு. பாகம் பிரிச்சாச்சு" என்றாள்.

தனபாக்கியம் வீடு திரும்பியபோது குழந்தையின் தொடையில் மடிப்பு விழுந்திருந்தது. அதைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பெரியநாயகியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்த அன்று ஒரு கிண்ணம் கொடுத்தாள். கிண்ணம் திரும்பி வந்தபோது அதில் பலாச்சுளை இருந்தது. கடன் இன்னும் ஏறியது.

புருஷனிடம் ஒரு தரம் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"அதுவும் பெரிய, இதுவும் பெரிய. முக்கால்வாசி ஒண்ணுதான்" என்றான் இசக்கிமுத்து. "அக்கா சொல்லுறதைச் சொல்லிட்டுப் போகட்டும். பொறவு நீ எப்படிக் கூப்பிட்டா என்ன?"

"காதுல விழுறதுதான் பேரு."

"அம்மா மேல எதுவும் மனத்தாங்கலா?"

"இல்லை" என்றாள். உண்மைதான். மாமியார் கடைசி வரை அவளைத் தாயி என்றுதான் கூப்பிட்டாள்.

இசக்கிமுத்துவுக்கு வேறு பயம் இருந்தது. குழந்தை டப்பாப் பாலில் வளர்கிறது என்று அக்காவிடம் சொல்லி வைத்திருந்தான். இல்லாவிட்டால் ஊரில் கேட்பார்கள். யார் வீட்டுப் பால், என்ன ஆட்கள். "அக்கா இருக்க ரெண்டு நாளும் அந்தப் பொண்ணு வர வேண்டாம்னு சொல்லிரு" என்றான். தனபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டு போய்ச் சொன்னாள். பெரியநாயகி ஏன் என்று கேட்கவில்லை.

"சரிக்கா. புள்ள அழுதா என்னா பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்டாள். ராத்திரி பேச்சியம்மாள் தூங்கிய பிறகு தனபாக்கியம் குழந்தையைப் பின்வாசல் வழியாக ஒரு தரம் அவளிடம் கொண்டுபோனாள்.

பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுத்த லெக்கோக் கரி அடுப்பில் வெந்நீர் கொதித்தது. பேச்சியம்மாள் காலை நீட்டி, குழந்தையை அதன்மேல் படுக்கப்போட்டுக் குளிப்பாட்டினாள். புதுச் சட்டை போட்டாள். அரைஞாண் கட்டினாள். சேலைத் தொட்டிலுக்குக் கீழே விளக்கு எரிந்தது. கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர். குழந்தை அழத் தொடங்கியது.

"பசிக்கி பிள்ளைக்கு. பாலைக் கொண்டா" என்றாள் பேச்சியம்மாள்.

தனபாக்கியம் டப்பாப் பாலை ஆற்றிக் கொண்டுவந்தாள். இரண்டு பாலாடை இறங்கியது. மூன்றாவதில் எல்லாம் வெளியே வந்தது. சட்டை நனைந்தது. துடைத்துவிட்டு மறுபடி கொடுத்தார்கள். மறுபடி கக்கியது. அழுகை கீச்சென்று மேலே ஏறியது.

பேச்சியம்மாள் தம்பியைப் பார்த்தாள். "ஏல, இந்தப் பாலையா இது இத்தனை நாளாக் குடிச்சுது?"

இசக்கிமுத்து தொட்டில் முடிச்சை இழுத்துப் பார்த்தான். அது சரியாகத்தான் இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. பிறகு தொடங்கவில்லை. பெரியநாயகி கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று தனபாக்கியத்துக்குத் தெரிந்தது. வர மாட்டாள் என்பதும் தெரிந்தது. வராதே என்று சொன்னது தன் வாய்தான்.

எழுந்தாள்.

"எங்க போற?" என்றான் இசக்கிமுத்து.

அவள் பின்கதவைத் திறந்து வேலியோரம் போய் நின்றாள்.

"பெரியநாயகி!"

தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள்.

பெரியநாயகி இடுப்பில் பையனோடு ஓடி வந்தாள். மார்பில் சேலை நனைந்திருந்தது. நிலைக்கு உள்ளே ஒரு கால் வைத்தவள் பேச்சியம்மாளைக் கண்டதும் நின்றாள்.

"வரலாமாங்க?"

யாரும் பதில் சொல்வதற்குள் குழந்தை அந்தக் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பியது. பேச்சியம்மாள் அதைப் பார்த்தாள்.

"வந்துட்ட. பொறவு என்ன கேள்வி? உக்காரு" என்றாள். குழந்தையை அவளே தூக்கிக் கொடுத்தாள்.

பெரியநாயகி பையனைத் தரையில் இறக்கிவிட்டாள். சுவரில் சாய்ந்து முந்தானைக்குள் குழந்தையை எடுத்துக்கொண்டாள். அழுகை அறுந்தது. குழந்தை விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"அக்கா ஆஸ்பத்திரில காய்ச்சலாக் கெடந்துக்கினு இருந்தாங்கல்ல. அப்பலேருந்துங்க."

பேச்சியம்மாள் தம்பி பக்கம் திரும்பினாள். "டப்பாப் பாலுன்ன."

"ஆமாக்கா."

"டப்பாவுக்குக் கையும் காலும் உண்டுன்னு சொல்லவே இல்லியேல."

தனபாக்கியம்தான் பேசினாள்.

"மதினி, தப்பா நினைக்கப்படாது. அத்தை பேரு வேண்டாம்னு நான் சொல்லலை. அந்தப் பேரு எனக்குச் சாமி. ஆனா இந்தப் பிள்ளை எனக்கு இருக்குன்னா இவளாலதான். இவ பேரை வைக்கணும்னு ஆசை. வாய் நிறையக் கூப்பிடணும்னும் ஆசை."

பெரியநாயகி நிமிர்ந்து பார்த்தாள். இது அவளுக்குத் தெரியாது.

"யக்கா, அவ ஏதோ..." என்று ஆரம்பித்தான் இசக்கிமுத்து.

"நீ சும்மா கெட. எம் மூத்தவ பேரு என்ன, சொல்லு."

"உலகம்மா. ஏன்?"

"அந்தப் பேரை நான் சொல்லி நீ கேட்டிருக்கியா?"

அவன் யோசித்தான். கேட்டதில்லை.

"அவளுக்கு என் மாமியா பேரு" என்றாள் பேச்சியம்மாள். "எனக்கு அவ ‘ஏட்டி’தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் ஏட்டி, காய்ச்சல்ல கெடந்தாலும் ஏட்டி. கல்யாணத்தன்னைக்கு மணவறையில நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுன்னாவ. அங்கேயும் ஏட்டின்னேன். எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன்."

கிண்ணத்தை எடுத்தாள். விரல் நுனியைச் சர்க்கரைத் தண்ணீரில் தோய்த்தாள்.

"அம்மா பேருல்லா அக்கா" என்றான் இசக்கிமுத்து. குரலில் வலு இல்லை.

"உனக்கு மட்டுமால அம்மா? அவ கேட்டா நான் சொல்லிக்கிடுதேன். உன் பேத்திக்குப் பசிச்சுது, ஒருத்தி வந்தான்னு சொல்லுவேன். எங்கம்மா அதுக்கு மேல கேக்க மாட்டா."

பெரியநாயகி குழந்தையை நகர்த்தப் பார்த்தாள். "இருங்க, தொட்டில்ல போட்டுடறேன்."

"வேண்டாம்மா. நீங்க அப்படியே இருங்க. பிள்ளை குடிக்கட்டும்."

நேற்று வந்ததிலிருந்து பேச்சியம்மாள் யாரையும் நீங்க என்று சொல்லியிருக்கவில்லை.

அவள் தரையில் முழங்காலை ஊன்றி, பெரியநாயகியின் மடிமேல் குனிந்தாள். குழந்தையின் ஒரு காது மார்போடு அணைந்திருந்தது. மற்றது மேலே தெரிந்தது. அதில் சொன்னாள். மெதுவாகச் சொல்லவில்லை. அறை முழுக்கக் கேட்டது.

"பெரியநாயகி. பெரியநாயகி. பெரியநாயகி."

குழந்தை குடிப்பதை நிறுத்தவில்லை. பேச்சியம்மாள் நனைந்த விரலை அதன் கடைவாயில் தொட்டு எடுத்தாள். பிறகு கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி சர்க்கரைத் தண்ணீரைப் பெரியநாயகியின் வாயில் விட்டாள். தரையில் தவழ்ந்துகொண்டிருந்த பையனுக்கும் விட்டாள்.

தனபாக்கியம் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேரைத் தானும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். வாய் தடுக்கவில்லை. இன்னொரு தரம் சொன்னாள்.

இசக்கிமுத்து குனிந்து விளக்குத் திரியைத் தூண்டிவிட்டான். "நல்ல பேருதான்" என்றான், யாரையும் பார்க்காமல்.

பெரியநாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பும் வந்தது.

"ஏங்க்கா, என் பேரைப் போயி வச்சிட்டீங்களே! நாளைக்கு இவ சேட்டை பண்ணா, நான் பக்கத்து வூட்ல கேட்டுக்கினு இருக்கும்போது எப்பிடிக்கா வைவீங்க?"