ஏழாவது மாடிச் சாட்சி

தின்னரில் நனைத்த துணியால் எத்தனை முறை துடைத்தாலும் நகக்கண்ணில் ஒரு கோடு வெள்ளை போகவில்லை. கண்ணாடி முன் நின்ற பெயிண்டருக்குக் கைகளை விட வாய்தான் அசதியாக இருந்தது. இன்று ஞானஸ்நான ஆராதனை. முழுக்கெடுக்க வந்திருக்கும் புதியவர்களுக்கு முன்னால் அவர் சாட்சி சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடங்களாகச் சொல்லும் அதே சாட்சி. சபையில் 'ஏழாவது மாடி அண்ணன்' என்றால்தான் அவரைத் தெரியும்.

ஏழாவது மாடியில் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும்போது தொங்கு சாரத்தின் கயிறு அறுந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கை அவரைப் பிடித்துக்கொண்டது. அன்றோடு குடி போனது. இவ்வளவுதான். முதல் தடவை சொன்னபோது அது கண்ணுக்குத் தெரிந்த கையாகத்தான் இருந்தது. உள்ளே பூசிக்கொண்டிருந்த கொத்தனார் ஜன்னல் வழியே பாதி உடம்பை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்; ஆட்கள் ஓடிவரும்வரை விடவில்லை. அதில் கொத்தனாரின் தோள் போயிற்று. அன்று கூட்டம் முடிந்ததும் போதகர், "நல்லாச் சொன்னீங்க தம்பி. ஆனா மகிமை கர்த்தருக்குப் போகட்டும். மனுஷன நடுவுல நிறுத்தாதீங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அடுத்த தடவை கொத்தனார் சுருங்கினார். அதற்கடுத்த தடவை காணாமல் போனார். கை மட்டும் மிஞ்சியது. சனம் அழுதது. குரல் தழுதழுக்க வேண்டிய இடம்கூடத் தானாக வந்தது. ஜெபம்தான் வரவில்லை. முழங்கால் போட்டால் சுவரோடு பேசுவது போலிருந்தது.

போன வாரம் வேலைக்குப் போன குடியிருப்பில் கேட்டைத் திறந்த காவலாளி, அதே கொத்தனார். வலது கை சும்மா தொங்க, இடது கையால் தாழ்ப்பாளை நீக்கினார்.

"அடடே, இன்னும் உயிரோடதான் இருக்கியா? மேடையேறிப் பேசுறியாமே, என்னடா பேசுவ?"

"விழுந்தேன்ல அண்ணே... அதத்தான்."

"அப்ப என்னப் பத்தியும் சொல்லுவேன்னு சொல்லு."

"ம்."

அந்த ஓர் எழுத்துக்கே மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது. "வந்து கேக்கணும்டா ஒருநாள். என் பேரு மைக்ல வந்ததே இல்ல."

இப்போது சட்டை தேய்த்துக்கொண்டிருந்த மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தார்.

"இன்னிக்கு உள்ளபடி சொல்லலாம்னு பாக்கறேன்."

தேய்ப்புப் பெட்டி நின்றது. கொத்தனார் விஷயம் அவளுக்குத் தெரியும். "அந்தச் சாட்சிதான் உங்களப் பாட்டிலத் தொடாம வச்சிருக்கு. ஓடுற வண்டியில ஆணியக் கழட்டிப் பாக்காதீங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. அவருக்கும் அதே பயம்தான். அவளுக்குக்கூடத் தெரியாத இன்னொன்றும் இருந்தது.

சபையில் மைக்கைப் பிடித்ததும் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் கொத்தனார் தெரிந்தார். புதிதாகச் சவரம் செய்த முகம். தன் பெயருக்காகக் காத்திருக்கும் முகம். கயிறு, காற்று, கீழே தெரிந்த மணல் குவியல் என்று சாட்சி பழகிய தடத்தில் ஓடி, "கண்ணுக்குத் தெரியாத..." என்ற இடத்துக்கு வந்து நின்றது. கீபோர்டுக்காரர் வழக்கமான மெல்லிசையைத் தொடங்கி, பேச்சு வராததால் நிறுத்தினார். யாரோ இருமினார்கள்.

"தெரிஞ்ச கைதான்," என்றார் கடைசியில். கொத்தனாரின் பெயரை, அவருடைய அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னார். "அவரு ஜெபமெல்லாம் பண்ணல. என்னத் திட்டிக்கிட்டே பிடிச்சிருந்தாரு. விட்டுடுங்கண்ணே, நீங்களும் விழுந்துருவீங்கன்னேன். வாய மூடுறா நாயேன்னாரு."

ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. கொத்தனார் பக்கத்திலிருப்பவரிடம் தலையாட்டி, நான்தான் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். இத்தோடு இறங்கிவிடலாம். கால் நகரவில்லை.

"கயிறு அறுந்துபோகல. காலையிலயே குடிச்சிருந்தேன். நான்தான் முடிச்சச் சரியாப் போடல. அது அவருக்குத் தெரியாது. இன்னிக்குத்தான் தெரியும்."

முன்வரிசையில் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். போதகர் மடியில் விரித்திருந்த வேதத்தைப் பார்த்தபடியே இருந்தார். பெயிண்டருக்கு வாய் உலர்ந்திருந்தது. ஆனாலும் பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக, தான் பேசுவதை யாரோ கேட்டுக்கொண்டிருப்பதாகப் பட்டது. இத்தனை முகங்களுக்கும் அப்பால், வெகு பக்கத்தில். 'ஆண்டவரே' என்று மட்டும் மனசுக்குள் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை, தேவைப்படவும் இல்லை.

பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தரையில் உரசிய சத்தம். கொத்தனார் எழுந்திருந்தார். முகத்தில் எதுவும் படிக்க முடியவில்லை. வாசல் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்க்காமல், குறுக்கே நீண்டிருந்த கால்களை விலக்கச் சொல்லி, நடைபாதையில் மேடையை நோக்கி நடக்கத் தொடங்கினார். பெயிண்டர் மைக்கை அதன் கம்பத்தில் வைத்துவிட்டு, படியிறங்கி, அவர் வரும் வழியில் போய் நின்றார்.