உள்ளே இருந்து போடும் தாழ்ப்பாள்

"நீ என்னவா ஆகப் போற?" என்று தனக்கொடி மிஸ் என்னைக் கேட்டது பதினோராம் வகுப்பில், ஒரு வெள்ளிக்கிழமை.

பள்ளிக்கூடத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். பழைய கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டி, மேலே நின்று சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். கீழே எங்களுக்குத் தொழில் வழிகாட்டி வாரம். ஒவ்வொருத்தியாக எழுந்து தன் எதிர்காலத்தைச் சொல்ல வேண்டும். என் தோழி பூர்ணிமா கலெக்டர் என்றாள். அவளுக்கு முன்பே நாலு பேர் கலெக்டர் ஆகியிருந்தார்கள்.

என் முறை வந்தது. நாலு பேர் பார்த்தாலே எனக்குப் பேச்சு வராது.

"என்ன கார்குழலி, வாயில கொழுக்கட்டையா?" என்றார் மிஸ். வகுப்பு சிரித்தது.

அந்த நேரத்தில் எனக்கு எதிர்காலம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டிப் பார்த்தும் முடியவில்லை.

பழைய கழிப்பறையைத்தான் முதலில் இடித்திருந்தார்கள். புதியதற்குச் சுவர் வந்தது, டைல்ஸ் வந்தது, கதவு வரவில்லை. கதவுக்குத் தனி டெண்டராம். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று, போன வருஷத்துத் தொழில் வழிகாட்டி விழா பேனரை வாசலில் கம்பி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் பட்டம் வாங்குகிற தொப்பியோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். 'உன் எதிர்காலம் உன் கையில்' என்று எழுதியிருக்கும். ஆனால் அது எப்போதும் இன்னொருத்தி கையில்தான் இருக்கும். கடல் காற்று பேனரைத் தூக்கிவிடும் என்பதால், ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று இருந்தது. அதற்குக் கதவும் உண்டு, பூட்டும் உண்டு. சாவி மிஸ்ஸின் கைப்பையில்.

அன்று எனக்காகப் பேனரைப் பிடித்தவள் பூர்ணிமா. ஹாலில் இருந்து மிஸ் கூப்பிட்டார். "கலெக்டர்லாம் போட்டோவுக்கு வாங்கடி."

"போட்டோவுக்கு மட்டும் நின்னுட்டு வந்துட்றேன்டி" என்று பூர்ணிமா ஓடினாள்.

காற்று வந்தது. பேனர் என் தலைக்கு மேலே போனது. சாரத்தில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றவன் திருப்பவில்லை. சிரித்தான்.

திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் சொன்னேன். அந்தப் பதிலை யாரும் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை.

ஒரு வருஷம் பிந்திப் பள்ளியில் சேர்ந்தவள் நான். அடுத்த வருஷமே பதினெட்டு முடிந்ததும், எங்கள் ஊருக்குப் பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிஸ்கட் கம்பெனியிலும் கதவு கம்பெனியிலும் ஆள் எடுக்கிறார்கள் என்று அம்மா விசாரித்து வந்தாள். நான் கதவு என்றேன். பாத்ரூமுக்கு வைக்கிற பிளாஸ்டிக் கதவுகள். தாழ்ப்பாள் மாட்டுவது என் வேலை.

போன வாரம் சூப்பர்வைசர் கன்னியப்பன் அண்ணன் வந்து, "ஸ்கூல் புள்ளைங்க கம்பெனி பாக்க வர்றாங்க, கொஞ்சம் சிரிச்ச மொகமா இருங்க" என்றார். பஸ்ஸில் வந்து இறங்கியது என் வகுப்பு. இப்போது பன்னிரண்டாவது. முன்னால் தனக்கொடி மிஸ்.

"கார்குழலிதானே நீ? இங்கயா இருக்க?" என்றவர் எல்லோரையும் என்னைச் சுற்றி நிற்க வைத்தார். "பாத்துக்குங்கடி. படிப்ப பாதியில விட்டா இதான் கதி. நீயே சொல்லும்மா, இவளுங்களுக்குப் புத்தி வரட்டும்."

பூர்ணிமா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டிவிட்டால் போதும், கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் வருஷா வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் என் பெயர் அந்தக் கதைக்குத்தான் பயன்படும்.

"இன்னும் அந்தக் கொழுக்கட்டைய முழுங்கலையா?" என்றார் மிஸ்.

"கதவு வந்துட்ச்சா மிஸ்?" என்று கேட்டேன்.

"எந்தக் கதவு?"

"பாத்ரூம் கதவு."

சிரிக்கத் தொடங்கியவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

"அது டெண்டர்ல இருக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"படிப்பு ஏறாம நான் நிக்கல மிஸ். பேனர் தூக்கிடுச்சு. சாரத்துல ஆளு இருந்தாங்க. அதான் நின்னுட்டேன்."

மிஸ்ஸின் குரல் இறங்கியது. "அதுக்காகவா படிப்ப விடுவாங்க? எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லித்தான் தெரியணுமா மிஸ்? சாவி ஒங்ககிட்டதான இருந்துச்சு."

கன்னியப்பன் அண்ணன் செருமினார். "வேலையப் பாரும்மா."

"அதத்தாண்ணா பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். சட்டத்தில் நிறுத்தியிருந்த கதவைச் சாத்தினேன். "இதுதான் தாழ்ப்பா. உள்ள இருந்து போட்டுக்கறது. போட்டுட்டா வெளிய யாரும் புடிச்சிக்கினு நிக்க வேணாம்." தள்ளிக் காட்டினேன். விழுந்தது. இழுத்தேன். திறந்தது.

பிறகு கேட்டேன். "இப்ப யாரு புடிக்கறது?"

"மொற வெச்சிருக்கோம்டி" என்றாள் பூர்ணிமா, முதன்முறையாக நிமிர்ந்து. "இந்த வாரம் நான்."

பின்னாலிருந்து ஒருத்தி, "பேனரும் பாதி கிழிஞ்சிடுச்சு. அந்தத் தொப்பிக்காரிக்கு இப்ப தலையே இல்ல" என்றாள். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பூர்ணிமா வந்து தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தாள். அடுத்தவள் வந்தாள். யாரும் சொல்லாமலே வரிசை நின்றது.

"என்னவா ஆகப் போறன்னு கேட்டீங்க மிஸ்" என்றேன். குரல் நடுங்கியது, ஆனாலும் வந்தது. "இன்னும் முடிவு பண்ணல. ஆனா ஒங்க உதாரணமா மட்டும் ஆக மாட்டேன்."

தாழ்ப்பாள் விழுவதும் திறப்பதுமாக இருந்தது. மிஸ் அந்த வரிசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். உள்ளே சாவிகள் குலுங்க, பஸ்ஸை நோக்கி நடந்து போனார்.