நகராத டிக்

பதினொரு மணிக்குத் தொழிற்சாலையின் தரம் பார்க்க ஆடிட்டர் வருகிறார். மூன்றாம் லைன் திரையில், அளவு எவ்வளவு கூடலாம் குறையலாம் என்று காட்டும் ± குறியைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் கட்டம். கட்டத்துக்குள் நீலத்தில் ஒரு டிக்.

கார்முகிலின் கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. வேலைக் குறிப்புகளை டைப் செய்து லைன்களுக்கு அனுப்புவது அவன் பொறுப்பு. இதை நேற்று மாலைதான் அனுப்பினான். காலை ஷிஃப்டுக்கு வந்த பாண்டிச்செல்வி, பிரிண்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள்.

அவள் நாங்குநேரிக்காரி. படப்பையில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். பழைய லைன் லீடர் வேலையை விட்டுப் போனதும் தற்காலிகமாக அவளைப் போட்டிருந்தார்கள். ஆடிட் தேறினால் லைன் அவளுக்கு. இல்லையென்றால் பழையபடி மெஷினுக்கு.

கார்முகில் இறங்கி வந்தான். ஃபைலை மூடித் திறந்தான். கட்டம் கட்டமாகவே இருந்தது. பிறகுதான் உறைத்தது. குறிகளுக்கு அவன் எடுத்த ஃபான்ட் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. ஏற்றுவதற்கு ஐடி ஆளின் பாஸ்வேர்டு வேண்டும். அவரோ சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தார்.

மாடிக்கு ஓடினான். ஃபான்டையும் ஃபைலுக்குள்ளேயே சேர்த்து அனுப்பினான். திரும்பி வந்தபோது ± எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. கட்டங்கள் போய்விட்டன. டிக்குகள் போகவில்லை.

அழித்துப் பார்த்தான், அழியவில்லை. பெரிதாக்கினான், குறி வளர்ந்தது, டிக் வளரவில்லை. பக்கத்தை மேலே தள்ளினான். எழுத்தெல்லாம் நகர்ந்தது, டிக் நின்ற இடத்தில் நின்றது. விரலை வைத்தான். விரல் நீலமானது.

இரவு ஷிஃப்ட் முடிந்தும் ஆடிட்டுக்காக நின்றிருந்த சூப்பர்வைசர் கோபால் தொண்டையைச் செருமினார்.

"நான்தாம்பா. கட்டம் காலியா கீதே, டிக் போடாம இன்னா பண்றீங்கன்னு பசங்கள நல்லா கேட்டேன். மார்க்கர்ல போட்டுட்டானுங்க."

பாண்டிச்செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். அளவு பார்ப்பது திரையை வைத்து அல்ல, கேஜ் என்ற அளவுக்கருவியில் என்பதால் பொருளுக்குப் பழுதில்லை. சானிடைசரும் துணியுமாக மூன்று பேரும் திரையைத் தேய்த்தார்கள். ஆடிட்டர் பிரவீனா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றபோது ஒரு டிக் மிச்சமிருந்தது.

இது என்ன என்று கேட்டார். கோபால் மேற்கூரையைப் பார்த்தார். சாஃப்ட்வேர் என்று கார்முகில் இழுத்தான்.

"மார்க்கர் மேடம்," என்றாள் பாண்டிச்செல்வி. "ராத்திரி ஃபான்ட் இல்லாம பிளஸ் மைனஸ் கட்டமா வந்துட்டு. செக் பண்ணிட்டு டிக் அடிக்கிற கட்டம்னு நெனச்சு, கண்ணாடி மேலயே அடிச்சிட்டாங்க. காலையில பாத்துச் சரி பண்ணிட்டோம். இது மட்டும் போவ மாட்டேங்கு."

பிரவீனா டிக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"எத்தனையோ லைன் பார்த்திருக்கேன். ஸ்கிரீன் ஓடிக்கிட்டே இருக்கும், ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. இங்கதான் வரி வரியா பார்த்திருக்காங்க."

ஒரு குறை எழுதினார்: புது ஃபைலை லைன் திரையில் திறந்து பார்த்த பிறகே வேலைக்கு விட வேண்டும். அது கார்முகிலுக்கு. லைன் தேறியது.

சாப்பாட்டு நேரத்தில் பாண்டிச்செல்வி ஊருக்குப் போன் போட்டாள். கேண்டீன் இரைச்சலில் அவள் அம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "லைன் எனக்குத்தாம்மா" என்று மூன்றாவது முறை அவள் கத்தியபோது, தட்டோடு வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.