மதிலுக்கு அந்தப் பக்கத்துப் புகை

"நீ புகை குறையும்னு எழுதிட்டா, அது புகைக்கு எப்படிம்மா தெரியும்?"

மகன் ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. அவள் சாப்பாட்டு மேசையில் ஓர் ஆலையின் அறிக்கையைத் திருத்திக்கொண்டிருந்தாள். "நான் எழுதறது புகைக்கு இல்லடா, பேங்குக்கு" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் அலுவலகத்தில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். இப்போது அவனுக்குப் பத்து வயது. கேட்டதையே மறந்துவிட்டான். அவளுக்குத்தான் மறக்கவில்லை.

வங்கியில் அவளுடைய வேலை இதுதான். கடன் வாங்கிய ஒவ்வோர் ஆலையும், எந்த ஆண்டுக்குள் எவ்வளவு நிலக்கரியைக் குறைப்போம் என்று ஒரு மாற்றத் திட்டம் எழுதிக் கொடுக்கும். சொன்னபடி குறைத்தால் வட்டியில் தள்ளுபடி. குறைத்தார்களா என்று ஆண்டுக்கொருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள். வங்கிக்கும் ஓர் இலக்கு இருந்தது. தான் கொடுக்கும் பணத்தால் எழும் புகையைப் பத்தாண்டுகளில் பாதியாக்குவோம் என்று வரவேற்பறைச் சுவரில் பச்சை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே நாற்காலி போட்டு, நாற்பத்தேழு கோப்புகளோடு அவளை உட்கார வைத்திருந்தார்கள்.

அதில் ஒன்று துணிக்குச் சாயமேற்றும் ஆலையினுடையது. போன ஆண்டு அவர்கள் நிலக்கரியைப் பாதியாகக் குறைத்ததாகக் காட்டினார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள். வங்கியின் ஆண்டு மலரில் அவள் படம்கூட வந்தது. இந்த ஆண்டு நிலக்கரியே இல்லை, பூஜ்யம் என்று வந்திருந்தது.

"இந்த ஒரு கோப்பு போதும்மா. நம்ம கிளை இந்த வருஷம் தலை நிமிர்ந்து நடக்கும்" என்றார் மேலாளர். "வீடியோவிலயே பார்த்துட்டுக் கையெழுத்தைப் போட்டுடு."

"போன வருஷமும் வீடியோதான் சார்."

"அதனால என்ன? கேமராவுக்குக் கண்ணு தெரியாதா?"

அவளுக்கு உறுத்தியது மின்கட்டணம். அது ஏறவே இல்லை. நிலக்கரியும் இல்லை, மின்சாரமும் கூடவில்லை என்றால் சாயத்தொட்டிக்கு வெந்நீர் எங்கிருந்து வருகிறது? மறுநாள் காலையில் சாப்பிடாமலே கிளம்பி, இரண்டு பஸ் மாறி ஆலைக்குப் போனாள்.

ஆலையின் கணக்காளர் வாசலிலேயே காத்திருந்தார். நிலக்கரி கொட்டும் கொட்டகையைக் காட்டினார். "பாருங்க மேடம், துடைச்சு வெச்ச மாதிரி இருக்கா?" இருந்தது. தரையில் ஒரு கரும்புள்ளிகூட இல்லை. அப்போது அவருக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே அலுவலகத்துக்குள் போய்விட்டார்.

கொட்டகைக்குப் பின்னால் பூசாத செங்கல் மதில் ஒன்று வளாகத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு நின்றது. அதில் ஒரு தகரக் கதவு பாதி திறந்திருந்தது. அதன் வழியே அனல் அடித்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். பழைய பாய்லர் கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது. அந்த வெக்கையில் அவளுக்குக் கண் இருட்டியது. மதிலைப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காருங்கம்மா, உக்காருங்க" என்று ஓர் ஆள் ஸ்டூலை இழுத்துப் போட்டார். உடம்பெல்லாம் கரி. "முகமெல்லாம் வெளுத்துப் போச்சே. காலையில சாப்பிடலையா?"

"நேரம் இல்லண்ணா."

"இங்க வந்து விழறதுக்கு மட்டும் நேரம் இருந்துச்சாக்கும்." தன் பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார். பொட்டலத்தைப் பிரித்து, இருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினார். அது அவருடைய மதியச் சாப்பாடு என்பது அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டாள். மறுக்கக்கூடத் தெம்பில்லை.

உள்ளேயிருந்து ஒருவன் கத்தினான். "வாசனை! யாரு அங்க?"

"மயக்கம் வந்த அம்மாடா! நீ கரியை அள்ளு."

"உங்க பேரு வாசனையா?"

"பட்டப்பேரும்மா. மோந்து பார்த்தே எந்தச் சுரங்கத்துக் கரின்னு சொல்லிடுவேன். என் வீட்டுக்காரி என்னை மோந்து பார்த்துட்டு, வெளியவே குளிச்சுட்டு வான்னுவா."

அவள் பல நாள் கழித்துச் சிரித்தாள். பிறகு கேட்டாள். "இந்தப் பாய்லர் ஆலையோடது இல்லையா?"

"முன்ன ஆலையோடதுதான். அப்புறம் முதலாளியோட மச்சினர் பேருக்கு மாத்திட்டாங்க. நடுவுல மதிலைக் கட்டினாங்க. அடியில குழாய் போகுது, ஆவியை ஆலை காசு கொடுத்து வாங்குது. நாங்க நாலு பேரும் அதே இடம், அதே நெருப்பு. சம்பளச் சீட்டுல கம்பெனி பேரு மட்டும் வேற." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அவள் மடியிலிருந்த வங்கிக் கோப்பைப் பார்த்தார். "ஏம்மா, சொல்லக்கூடாதது எதையாச்சும் சொல்லிட்டேனா? பொண்ணு நர்சிங் படிக்குதும்மா. இன்னும் ஒரு வருஷம் இருக்கு."

"நீங்க எனக்கு டீ மட்டும்தான் கொடுத்தீங்கண்ணா" என்றாள்.

திரும்பும் வழியெல்லாம், அவருக்குச் சொன்ன அந்தச் சொல் அவளை அழுத்தியது. கேட்டதை எழுதினால், யார் சொன்னது என்று ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். எழுதாவிட்டால் அவள் பெயரில் இன்னொரு பொய். வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவிக் கண்ணை மூடி நின்றாள். பிரார்த்தனையாக எதுவும் வரவில்லை. 'களைப்பாக இருக்கிறது' என்று மட்டும் சொன்னாள். கடவுளிடம் அதையும் சொல்லலாம்.

அந்த மனிதரை இழுக்காமல் உண்மையைச் சொல்ல ஒரு காகிதமாவது கிடைக்காதா என்று நான்கு நாள் தேடினாள். ஐந்தாம் நாள் அது அவளுடைய அலமாரியிலேயே கிடைத்தது. பாய்லர் வங்கியில் அடமானமாக இருந்தது. அதை விற்க வங்கியின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதக் கடிதத்தின் ஓரத்தில் அவளுடைய சுருக்கொப்பமே இருந்தது. பழைய இரும்புக்குப் போகிறது என்று நினைத்து, முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஒப்பமிட்டிருந்தாள். வாங்குபவர் பெயரும், பாய்லர் இருந்த இடத்திலேயே இருக்கும் என்ற வரியும் இரண்டாம் பக்கத்தில் இருந்தன. அவள் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

கடிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தாள். இந்தக் காகிதத்தை வைத்தால் யாரும் பாய்லர்காரரைத் தேட மாட்டார்கள். தேட வேண்டிய ஆள் கடிதத்தின் ஓரத்திலேயே இருந்தாள்.

"உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறியேம்மா" என்றார் மேலாளர், கடிதத்தைப் படித்துவிட்டு.

"மதில் கட்டினதால புகை குறையல சார். நம்ம காகிதத்துலதான் குறைஞ்சிருக்கு."

"இதைக் கிளறினா அவங்க வேற பேங்குக்குப் போயிடுவாங்க. வேடிக்கை என்னன்னா, அப்பவும் நம்ம இலக்கு தானா நிறைவேறிடும்."

"அவங்க போனா நம்ம கணக்கு சுத்தமாகும் சார். காத்து சுத்தமாகாதே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதவி உயர்வு போயிடும். வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?"

"சொல்லவே வேண்டாம் சார். நாலு நாளா சமையல்ல உப்பே இல்லை. அவரே புரிஞ்சுக்கிட்டார்."

மேலாளர் கெட்டவர் அல்ல, அவரும் களைத்தவர்தான். பெருமூச்சு விட்டுக் கோப்பைத் தலைமையகத்துக்கு அனுப்பினார்.

ஆலை முதலாளி வந்து மேசையைத் தட்டிக் கத்தினார். மூன்று வாரம் பேச்சு நடந்தது. கடைசியில் தள்ளுபடியைத் திருப்பிக் கட்ட ஒப்புக்கொண்டார். மச்சினரின் பாய்லரையும் திட்டத்தில் சேர்த்து, அதை அணைத்துவிட்டு மின்சார பாய்லர் வாங்கப் புதுக் கடன் கேட்டார். பதவி உயர்வு பக்கத்து மேசைக்காரருக்குப் போனது. அவள்தான் முதலில் எழுந்து அவருக்குக் கை கொடுத்தாள்.

புதுக் கடனின் ஒப்பந்த வரைவு சரிபார்க்க அவளிடம் வந்தது ஒரு மதியத்தில். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மின்சார பாய்லருக்குக் கரி அள்ள ஆள் வேண்டாம். ஒருவர் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அப்படியென்றால் மற்ற மூவரும்? அந்த ஒருவர் யார்?

ஒப்பந்தப் படிவத்தின் ஒன்பதாம் இடத்தில் 'தொழிலாளர் குறித்த நிபந்தனை, இருந்தால்' என்று ஒரு வரி உண்டு. நிரப்பும் உரிமை அவளுடையதுதான். ஆனால் இத்தனை ஆண்டுகளில் எல்லாக் கோப்பிலும் எல்லாரும், அவளும்கூட, 'இல்லை' என்றே விட்டுவந்தார்கள்.

அவள் அந்த 'இல்லை'யை அழித்தாள். நிதானமாகத் தட்டினாள். பழைய பாய்லரில் வேலை செய்யும் நால்வருக்கும் கடன் தொகையிலிருந்தே பயிற்சி அளித்து, கடன் தீரும் ஏழு ஆண்டுகளும் அவர்களை ஆலையிலேயே வேலையில் வைத்திருக்க வேண்டும்.

'நால்வருக்கும்' என்ற சொல்லை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தாள். அச்செடுத்து, மேலாளர் கையெழுத்துக்காகத் தட்டில் வைத்தாள். பிறகு அடுத்த கோப்பை எடுத்து, இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள்.