தொண்ணூறு நாளும் ஒரு கடைவாய்ப் பல்லும்

கண்ணாடிக் கடைக்காரருக்குத் தம் கல்யாண நாள் ஞாபகம் இருக்காது. மகளின் பிறந்த நாளைக் கேட்டால் மாதத்தைச் சரியாகச் சொல்லிவிட்டுத் தேதியில் தடுமாறுவார். ஆனால் எந்த விமானக் கம்பெனியின் கிரெடிட் கார்டை என்றைக்கு வாங்கினார், அதன் போனஸ் என்றைக்கு வந்து விழுந்தது, என்றைக்கு அந்தக் கார்டைத் தலைமுழுகினார் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். கடையில், பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகைக்குப் பக்கத்திலேயே ஒரு காலண்டர் தொங்கும். அதில் சிவப்பு வட்டம், பச்சை வட்டம், நடுநடுவே கேள்விக்குறி. கண் காட்ட வந்தவர்களில் சிலர், இதையும் படித்துக் காட்ட வேண்டுமோ என்று திணறியதுண்டு. கடைத்தெருவில் அவருக்கு 'போனஸ்' என்றே பெயர். அப்படி நேரில் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார், ஏதோ விருது கொடுத்ததுபோலச் சிரிப்பார்.

விஷயம் இதுதான். புதிதாகக் கார்டு வாங்கினால், முதல் தொண்ணூறு நாளுக்குள் இவ்வளவு செலவு செய் என்று பாங்க் ஒரு தொகை சொல்லும். செய்துவிட்டால் வரவேற்பு போனஸ் என்று மைல்களை அள்ளிக் கொடுக்கும். மைல் சேர்ந்தால் விமானத்தில் ஓசி சீட்டு. அதே கார்டில் மறுபடியும் போனஸ் வேண்டுமென்றால், போன தடவை வந்த நாளிலிருந்து முழுசாக இரண்டு வருஷம் கழிய வேண்டும். ஒரு நாள் முந்தி விண்ணப்பம் போட்டாலும் கார்டு வரும், போனஸ் வராது. இதெல்லாம் பொறுமைக்காரன் விளையாட்டு என்பார் அவர். பொறுத்துக்கொள்ள வேண்டியது யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, ஒரே ஒரு தடவை பலித்திருக்கிறது. ஏழு வருஷத்துக்கு முன்னால் மனைவியை அவள் அக்கா வீட்டுக்கு ஓசி டிக்கெட்டில் அழைத்துப் போய்வந்தார். அதுதான் வினையாகப் போயிற்று. அன்று முதல் அந்த வீட்டில் காசு கொடுத்து விமான டிக்கெட் வாங்குவது மகாபாவம்.

இப்போது மகள் தூர தேசத்தில் படிப்பை முடிக்கப் போகிறாள். ஆறு மாதத்தில் பட்டமளிப்பு, அப்பாவும் அம்மாவும் வந்தே ஆக வேண்டும் என்று போனில் சொல்லிவிட்டாள். பதினான்கு மணி நேரப் பயணம். போனால் படுத்துக்கொண்டு போகிற சீட்டில்தான் போவது, அதுவும் ஓசியில்தான் போவது என்று கடைக்காரர் அன்றைக்கே மகளிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவர் பெயரில் இருந்த மைல்கள் ஒரு சீட்டுக்குத்தான் காணும். இன்னொன்றுக்கு மனைவி பெயரில் ஒரு கார்டு வாங்கியாக வேண்டும்.

"எல்லாம் உன் முதுகுக்காகத்தான்" என்றார் மனைவியிடம்.

"என் முதுகுக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு."

"பதினாலு மணி நேரம் உக்காந்துட்டுப் போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பார்த்தியா?"

"உக்காந்துட்டுப் போய்ப் பார்த்தாலும் அவ என் பொண்ணுதாங்க."

இதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை.

மனைவிக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார் தொலைபேசியில் வேலை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று திட்டுகிறவர்களுக்கு நாள் முழுக்க வாய் ஓயாமல் பதில் சொல்ல வேண்டும். அந்த மாதம் நாலாம் தேதி, மேசையில் உட்கார்ந்தபடியே ஒரு பிஸ்கட்டைக் கடித்தவளுக்குச் சுரீர் என்று காதுவரை ஏறியது. அன்று மாலையே இருவரும் பல் டாக்டரிடம் போனார்கள்.

"கீழ்க் கடைவாய்ப் பல்லுல விரிசல் விட்டிருக்கும்மா" என்றாள் டாக்டர். "ரூட் கெனால் பண்ணி மேல கேப் போட்டா தாங்கும். பக்கத்து ரெண்டு பல்லுலயும் பழைய அடைப்பு ஆட்டம் கண்டிருக்கு, அதுக்கும் சேர்த்துக் கேப் போட்டுடலாம். ரெண்டு வாரத்துக்குள்ள வந்துடுங்க. தள்ளிப்போட்டா வேர் வரைக்கும் பிளந்துடும். அப்புறம் பிடுங்கித்தான் போடணும்."

வரவேற்பு மேசையில் இருந்த பெண் மொத்தச் செலவை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தாள். கடைக்காரர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். மனைவியின் இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேல். வேறொருவனாக இருந்தால் தாளை அங்கேயே திருப்பிக் கொடுத்திருப்பான். இவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. புதுக் கார்டுக்கு பாங்க் எவ்வளவு செலவு செய்யச் சொல்கிறதோ, ஏறக்குறைய அதே தொகை!

அவர் பூரித்ததற்குக் காரணம் உண்டு. அந்த வீட்டில் இனி வாங்க எதுவும் மிச்சமில்லை. போன இரண்டு கார்டுகளுக்காக ஒரு வருஷத்து இன்ஷூரன்ஸைக் கட்டியாயிற்று. வண்டிக்கு நாலு டயரும் மாற்றியாயிற்று. கட்டிலுக்கடியில் நூற்றிருபது சோப்பு இருக்கிறது, பரண் முழுக்கத் துவைக்கிற தூள். வேண்டாததை வாங்கிப் போனஸ் எடுப்பது கேவலம் என்பது அவர் கொள்கை. தேவையான செலவாக இருக்க வேண்டும், பெரிதாகவும் இருக்க வேண்டும். பல் ஒன்றுதான் பாக்கி இருந்தது, அதுவும் இப்போது வந்து வாசலில் நிற்கிறது.

ஒரே ஒரு சிக்கல். மனைவி பெயரில் போன தடவை போனஸ் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருபத்திரண்டாம் தேதி. ஆக, இந்த மாதம் இருபத்திரண்டு தாண்டாமல் விண்ணப்பம் போட முடியாது.

"ஏங்க, டாக்டர் ரெண்டு வாரம்னாங்களே" என்றாள் மனைவி.

"ரெண்டு வாரம்னா மூணு வாரம்னு அர்த்தம். டாக்டருங்க எப்பவும் கொஞ்சம் முன்கூட்டியே பயமுறுத்தி வைப்பாங்க."

"என் சம்பளத்துல நானே கட்டிக்கறேனே."

"கட்டலாம், யாரு வேண்டாம்னா? மைலையெல்லாம் அள்ளிச் சாக்கடையில கொட்டின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பொண்ணுகிட்ட நீயே சொல்லிடு, அம்மா படுத்துட்டு வரலடீன்னு."

மகளிடம் அந்தப் படுக்கை சீட்டைப் பற்றிப் பேசும்போது மனிதர் சின்னப் பையனாகிவிடுவதை அவள் பார்த்திருக்கிறாள். போகட்டும் என்று விட்டாள். வலப்பக்கமாகவே மென்றாள், வெந்நீர் வைத்துக் கொப்பளித்தாள், ராத்திரி கன்னத்தைத் தலையணையில் அழுத்திக்கொண்டு படுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று சொல்லக்கூட வழியில்லை, கடித்தால்தானே வலியே! கடைக்காரரும் சும்மா இருக்கவில்லை. கிராம்புத் தைலம் வாங்கி வந்து கொடுத்தார், அதையும் கார்டில்தான் வாங்கினார்.

இருபத்திரண்டும் போயிற்று. இருபத்து மூன்றாம் தேதி காலையில் கடையைத் திறந்ததும் திறக்காததுமாக விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தார். அனுப்பும் பொத்தானில் விரலை வைக்கப் போகிற நேரம், கைபேசி சிணுங்கியது. இவரைப் போன்ற போனஸ் பிரியர்கள் அறுநூறு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள், 'உலகம் சுற்றுவோர்' என்று பெயர். அதில் பாதிப்பேர் பக்கத்து ஊரைக்கூடச் சுற்றாதவர்கள். அந்தக் குழுவில் ஒருவன் எழுதியிருந்தான்: 'யாரும் அவசரப்படாதீங்க! ஒண்ணாம் தேதியிலிருந்து போனஸ் அறுபதாயிரத்திலிருந்து ஒரு லட்சம்!'

கடைக்காரரின் விரல் அந்தரத்தில் நின்றது. எட்டு நாள். நாற்பதாயிரம் மைல். ஒரு நாளைக்கு ஐயாயிரம் வீதம் அவர் மனசுக்குள் வகுத்துப் பார்த்துவிட்டு விரலை எடுத்துவிட்டார்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னபோது, அவள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தில் வைத்திருந்தாள்.

"இன்னும் எட்டே எட்டு நாள்தான்மா."

"வலிக்குதுங்க. போன்ல பேசவே முடியல. நான் குடிச்சிருக்கேன்னு ஒருத்தர் மேலதிகாரிகிட்ட புகார் குடுத்துட்டார்."

"ஒண்ணாம் தேதி காலையில முதல் வேலை அதுதான்."

சொன்ன சொல் தவறவில்லை. ஒண்ணாம் தேதி காலை ஆறு மணிக்கே போட்டார். நாலு நிமிஷத்தில் ஒப்புதல் வந்தது. கார்டு தபாலில் வந்து சேர எட்டு நாள். பல் டாக்டரிடம் நேரம் கிடைத்தது அதற்கும் ஐந்து நாள் கழித்து. நடுவில் ஓர் அதிசயம் நடந்தது, ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலி துப்புரவாக நின்றிருந்தது.

"பார்த்தியா?" என்று கடைக்காரர் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார். "தானா அடங்கிடுச்சு! நான் சொல்லல? அன்னிக்கே ஓடியிருந்தா வெறும் கையோட நின்னிருப்போம்."

இரண்டாம் நாள் அவளுடைய இடக் கன்னம் பன்ரொட்டி மாதிரி வீங்கிவிட்டது.

குறித்த நாளில் புதுக் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்காரர் முன்னால் நடந்தார். கன்னத்தில் கைக்குட்டையோடு அவள் பின்னால் போனாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தாள். எடுத்த படத்தை இரண்டு தடவை பெரிதாக்கியும் பார்த்தாள். பிறகு அவள் பேசியது கடைக்காரரிடம்.

"ஏன் சார் இவ்வளவு நாள் விட்டீங்க? வேர் வரைக்கும் ரெண்டாப் பிளந்து கிடக்கு. உள்ளே சீழ் வெச்சிருக்கு. வலி நின்னது குணமானதால இல்ல, நரம்பு செத்துப்போனதால. இன்னிக்கே பிடுங்கணும்."

"பிடுங்கவா?" என்றார் கடைக்காரர். "கேப்பு?"

"எது மேல போடறது?"

"பக்கத்து ரெண்டு பல்லு இருக்கே டாக்டர்?"

"புண்ணு ஆறட்டும், சார். எலும்பு எப்படி இருக்குன்னு தெரியாம அதைத் தொட மாட்டேன்."

"பிடுங்க எவ்வளவு ஆகும்?"

டாக்டர் சொன்னாள். அவர் கடையில் வாசலோரம் கூடையில் போட்டு விற்கிற வாசிப்புக் கண்ணாடியின் விலை. பல்லைக் காப்பாற்றத்தான் காசு அதிகம், இழப்பதற்குச் செலவு ஒன்றுமே இல்லை. இதை எந்தக் குழுவிலும் ஒருவனும் எழுதியிருக்கவில்லை.

மனிதர் அசரவில்லை. பிடுங்கின இடத்தில் புதுப் பல்லை எலும்பிலேயே பொருத்துவார்களே, அது என்ன விலை என்று கேட்டார். கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கேப்பைவிட அதிகம்!

"அதைப் பண்ணிடலாம் டாக்டர்! நல்லதாவே போடுங்க!"

"போடலாம். நாலு மாசம் கழிச்சு."

நாலு மாதம் என்றால் நூற்றிருபது நாள். தொண்ணூறு எங்கே, நூற்றிருபது எங்கே! "முன்பணமா இன்னிக்கே முழுசா வாங்கிக்குங்களேன்" என்று கெஞ்சினார். நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்த மனைவியை டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வெளியில உக்காருங்க சார்" என்றாள்.

முக்கால் மணி நேரம் கழித்து மனைவி வெளியே வந்தாள். வாயில் பஞ்சு. கண் சிவந்திருந்தது. வரவேற்பு மேசையில் பெண் பில்லை நீட்ட, அவள் கைப்பையைத் திறந்து தன் பணத்தை எண்ணாமல் எடுத்து வைத்தாள். கடைக்காரர் அவளைக் கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். பல வருஷத்தில் அவர் இவ்வளவு பதவிசாக நடந்துகொண்டதில்லை. பெஞ்சில் காத்திருந்த இன்னொரு அம்மாள், கொடுத்துவைத்தவள் என்று நினைத்திருப்பாள். அவர் குனிந்து, மனைவியின் முகத்துக்கு நேராக, ஆசையோடு கேட்டார்:

"வேற ஏதாவது பல்லு வலிக்குதாம்மா?"

ரசீது எழுதிக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றது. அந்த அம்மாள் பத்திரிகையைத் தாழ்த்தினாள்.

மனைவி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பஞ்சை எடுத்துக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டாள். உதட்டோரத்தில் ரத்தம் கசிந்தது.

"ஒரு மணி நேரம் பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க" என்றாள். பாதி வாய் மரத்துப்போயிருந்ததால் சொற்கள் குழறின, இருந்தாலும் அங்கே இருந்த எல்லோருக்கும் புரிந்தது. "அதனால ஒரே தடவைதான் சொல்வேன். நாற்பது நாளா வலிக்குது வலிக்குதுன்னு நான் சொன்னப்பல்லாம், நீங்க எனக்குத் தேதிதான் சொன்னீங்க. ஒரு நாளாவது வாயைத் திற, பார்க்கலாம்னு சொல்லல. நாளைக்கு நான் போய்ச் சாதா சீட்டு ஒண்ணு வாங்கப் போறேன், எனக்கு மட்டும். பொண்ணைப் பார்த்துட்டு வரேன். நீங்க உங்க சீட்டுல படுத்துக்கிட்டு வாங்க. வராட்டியும் பரவாயில்ல. பக்கத்துல பதினாலு மணி நேரம் உங்களை வெச்சுக்கிட்டு என்னால வர முடியாது."

கடைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. மன்னிச்சுடும்மா என்று சொல்லத்தான் அவர் நினைத்தார், அது சத்தியம். நெஞ்சு வரைக்கும் வந்த அந்த வார்த்தை வாய்க்கு வருவதற்குள் வேறாகிவிட்டது.

"என்னிக்குப் போறே?" என்றார்.

அவள் புதுப் பஞ்சு ஒன்று கேட்டு வாங்கி வாயில் வைத்து, டாக்டர் சொன்னபடி அழுத்திக் கடித்துக்கொண்டு, படியிறங்கிப் போனாள்.