மதகுக்காரர் தூங்கிய கதை

1

"தண்ணி பள்ளத்துக்குத்தானே போகும், அத்தை? இந்த ஆறு மட்டும் ஏன் மேட்டுப் பக்கமா போயிருக்கு?"

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. இந்தக் கேள்வியில் பிறந்தது. கேட்டவள் ரொஸார்க்கா, ஐந்து வயது. மழலையர் பள்ளிக் குழந்தைகள் பதினாறு பேரும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நான் அவர்களுக்கு ஊரைக் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் நாட்டில் ஒவ்வொரு ஊரும், ஆண்டுதோறும் நடந்ததைப் பதிந்துவைக்க, ஒரு குறிப்பேடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஒல்ஷின்காவின் குறிப்பேட்டை எழுதுகிறவள் நான்தான். மருந்துக்கடை வேலை போக, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்கன் வாசிப்பது போக, மிச்ச நேரத்தில்.

நாங்கள் நின்றது பழைய கல் பாலத்தின் மேல். பாலத்தின் கீழே ஆறு இல்லை, புல்தான். ஆறு இருநூறு அடி தள்ளி ஓடுகிறது.

"மதகுக்காரர் தூங்கிட்டார், கண்ணு. அதான் ஆறு கரையை உடைச்சுக்கிட்டு வேற வழியில போயிடுச்சு" என்றேன். எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள்.

ரொஸார்க்கா யோசித்தாள். "அவர் தூங்கினா, தண்ணிக்கு எப்படி மேடு ஏறத் தெரியும்?"

கயிற்றின் மறுமுனையில் ஒருவன் அழத் தொடங்கியதால் நான் தப்பித்தேன்.

2

இந்தக் கதையை மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

முதலாவது: லெஸ்னா ஆறு வடக்கே காட்டு மலைகளில் பிறந்து, ஒல்ஷின்காவின் மேற்கு எல்லையைத் தொட்டு, தெற்கே

(பாடப்புத்தகம். விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: 1947 மார்ச் மாதத்தின் அந்த விடியற்காலையில் பனிப்பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, இடி இடிப்பதுபோல

(அந்தக் காலையில் நான் பிறக்கவே இல்லை. இடி போலத்தான் கேட்டது என்று எனக்கு யார் சொன்னார்கள்?)

மூன்றாவது தொடக்கத்தை நீங்கள் படித்துவிட்டீர்கள்.

ஆனால் நில அமைப்பைச் சொல்லாமல் முடியாது. பழைய ஆற்றின் கிழக்கே கீழ்த்தெரு, இருபத்து மூன்று வீடுகள், பள்ளத்தில். மேற்கே ஊர்ப் புல்வெளி, சற்று மேடு. இரண்டு பக்கமும் மண்கரை. பாலத்தின் மேல் புனித நெபோமுக் சிலையாக, உதட்டில் விரல் வைத்தபடி நிற்கிறார். ரகசியம் காத்ததற்காக ஆற்றில் எறியப்பட்டவர். இப்போது அவருக்குக் கீழே ஆறும் இல்லை.

(கீழ்த்தெருவில் போர் முடியும் வரை ஜெர்மன் பேசியவர்கள் இருந்தார்கள். அவர்கள் போனதைக் குறிப்பேடு ஒரே வரியில் முடித்துவிட்டது. அது வேறு கதை. அதையும் யாராவது எழுத வேண்டும்.)

அந்தக் காலி வீடுகளில் போருக்குப் பின் கிழக்கிலிருந்து வந்த குடும்பங்கள் குடியேறின. 1947-இல் அவர்களுடைய பெயர்கூட ஊருக்குச் சரியாகத் தெரியாது. புல்வெளியிலிருந்த உலர்புல் கொட்டகைகளோ பழைய குடும்பங்களுடையவை. இவ்வளவு போதும்.

3

குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது: "மார்ச் 19. மதகுக்காரர் ஹினெக் ராதில் காவல் நேரத்தில் உறங்கிவிட்டதால் ஆறு கரையை உடைத்துப் புல்வெளிக்குள் புகுந்தது. பதினேழு கொட்டகைகள் போயின. உயிர்ச்சேதம் இல்லை."

அந்த வசந்தத்தில் மாடுகள் பட்டினி கிடந்தன. ஊர் அதை மறக்கவில்லை. ராதில் வீட்டைக் கடக்கும்போது கொட்டாவி விடுவது எங்கள் ஊர் வழக்கமாகிவிட்டது. ஹினெக் இறந்த பிறகு அது அவருடைய மகள் லிபுஷெவுக்குச் சொத்தாக வந்தது.

போன வசந்தத்தில் ஊரின் எழுநூறாவது ஆண்டு விழாவுக்கு ஏற்பாடுகள் நடந்தன. குறிப்பேட்டிலிருந்து பகுதிகளைச் சதுக்கத்தில் வாசித்து, கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கிகளில் ஊர் முழுக்கக் கேட்கச் செய்வது என்று முடிவாயிற்று. வியாழக்கிழமை கோழிக்குஞ்சு விற்பனைக்கு வருகிறது என்று அறிவிப்பார்களே, அதே ஒலிபெருக்கிகள்.

"நாப்பத்தேழை விட்டுடாதீங்க வில்மா. ஜனங்க சிரிக்க ஒண்ணு வேணும்ல" என்றார் ஊர்த் தலைவர் கமில்.

மறுநாள் மருந்துக்கடைக்கு லிபுஷெ அக்கா வந்தார். எழுபத்தாறு வயது. முழங்கால் தைலம் வாங்கிய பிறகும் போகவில்லை.

"அந்த ஒரு வரியை மட்டும் விட்டுடேன், வில்மா."

"அக்கா, நான் வேணா வாசிக்காம இருப்பேன். ஆனா கமில் வாசிச்சிடுவார். ஏட்டுல அடிக்கவும் எனக்கு உரிமை இல்ல."

"அடிக்கச் சொல்லல. ஒலிபெருக்கியில வேணாம்னுதான் சொல்றேன். என் கல்யாணத்துலயே முன்வரிசையில நின்னு கொட்டாவி விட்டானுங்க. என் மாப்பிள்ளை வெளியூர்க்காரர், பாவம். பூசை நீளம்னு நெனச்சுக்கிட்டார்." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எங்கப்பாவைத் திரும்பவும் ஊர் பூரா தூங்க வைக்காதே."

4

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாமல் எழுதிய பிரதி ஒன்று இருந்தது. அது நன்றாகவும் இருந்தது. கிழித்துவிட்டேன்.

எட்டு வயதில், பள்ளிக்குப் போகும் வழியில், நானும் அந்த வீட்டு வாசலில் கொட்டாவி விட்டிருக்கிறேன். ஒருமுறை லிபுஷெ அக்கா சன்னலில் நின்றார். நான் நிறுத்தவில்லை. இன்னும் பெரிதாக விட்டேன், தோழிகள் பார்க்க வேண்டுமென்று.

அவர் முழங்கால் தைலத்துடன் போன பிறகு அன்று மாலை ஜெபிக்க உட்கார்ந்தேன். ஜெபம் வரவில்லை. ரொஸார்க்காவின் கேள்விதான் வந்தது.

கொத்தனாரிடம், தண்ணீர் நிரப்பி உயரம் பார்க்கும் மட்டக்குழாயை இரவல் வாங்கினேன். பழைய கரைகள் புல் மூடி இன்னும் அப்படியே இருக்கின்றன. இரண்டு சனிக்கிழமைகள் அளந்தேன். கீழ்த்தெருப் பக்கத்துக் கரை, புல்வெளிப் பக்கத்தைவிட ஒரு முழம் தாழ்வு.

நிறைந்த பாத்திரம் தாழ்ந்த விளிம்பில்தான் வழியும். பனிப்பாளங்கள் பாலத்தின் வளைவுகளை அடைத்தன. தண்ணீர் ஏறியது. தானாக வழிந்திருந்தால் கீழ்த்தெருவுக்குள்தான் வழிந்திருக்கும், இருபத்து மூன்று வீடுகளின் மேல். ஆனால் கரை திறந்திருப்பது உயர்ந்த பக்கத்தில், பாலத்துக்குச் சற்று முன்பாக, நீர் வரும் பக்கம். உயர்ந்த கரையைத் தண்ணீர் உடைக்காது. அதை யாராவது வெட்ட வேண்டும்.

தூங்குகிறவர் வெட்ட முடியாது.

கீழ்த்தெருவில் பதினான்காம் எண் வீட்டில் அன்று மூன்று வயதுக் குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அது என் அம்மா.

5

ஹினெக் ராதிலை எனக்குத் தெரியாது. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். ஆகவே இந்தக் கதையில் நான் மிகவும் தயங்கி எழுதுகிற ஆள் அவர்தான்.

ஒரு பிரதியில், வெட்டுவதற்கு முன் அவரை நெபோமுக் சிலையின் முன்னால் முழந்தாளிட வைத்தேன். பிறகுதான் தெரிந்தது: அவர் கிறிஸ்துமசுக்கு மட்டும் கோயிலுக்கு வருவார், அதுவும் பாட்டுக்காக. நான் ஜெபிக்கிறவள் என்பதால் அவரையும் ஜெபிக்க வைத்திருக்கிறேன். அந்த வரிகளை அடித்துவிட்டேன். கடவுளுக்கு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கடவுளோடு பேசிவிட்டுத்தான் செய்கிறார்கள் என்று

(இதையும் விட்டுவிடுகிறேன். பிரசங்கம் ஆகிவிடும்.)

தூங்கியதாக ஏன் பொய் சொன்னார் என்பது மட்டும் எனக்குப் புரிகிறது என்று நினைக்கிறேன். தூங்கிவிட்டேன் என்றால் ஊர் கொட்டாவி விடும். உங்கள் புல்லைவிட அந்தப் புதியவர்கள் எனக்குப் பெரிதாகத் தெரிந்தார்கள் என்று சொல்லியிருந்தால், ஊர் அவரை மன்னித்திருக்காது. அதைவிட, பட்டினி கிடந்த ஒவ்வொரு மாட்டுக்கும் அந்தப் புதியவர்களிடம் கணக்குக் கேட்டிருக்கும்.

6

லிபுஷெ அக்காவைப் பாலத்துக்கு அழைத்துப் போனேன். கசகசா வைத்த இனிப்பு ரொட்டி, கொலாச், இரண்டைத் துணியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சிலைக்கு அடியில் உட்கார்ந்து, மட்டக்குழாயைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்ததும் அக்கா கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அவர் தூங்கல."

"தூங்கலக்கா."

"அன்னிக்கு வீட்டுக்கு வந்தப்போ முழங்கை வரைக்கும் சேறு. மண்வெட்டிக் காம்பு முறிஞ்சிருந்துச்சு. அம்மா என்னாச்சுன்னு கேட்டா. தூங்கிட்டேன்னார். எனக்கு ஏழு வயசு. தூங்கினவர் கையில எதுக்கு இவ்வளவு சேறுன்னு எனக்குக் கேக்கத் தோணல பாரு."

"யாருக்குமே தோணல."

"மனுசன் எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்!" கொலாச்சை இரண்டாகப் பிய்த்தார், கோபமாக. கசகசா மடியில் கொட்டியது. "சாகுற வரைக்கும் வாயைத் திறக்கல. இதோ நிக்கிறாரே, இவரு மாதிரி."

மேலே பார்த்தேன். புனிதர் உதட்டில் விரல்.

"நான் எழுதுறேன்கா. இந்த வருஷக் குறிப்பேட்டுல, எல்லாம் விவரமா. விழாவுல அதையே வாசிச்சுடலாம்."

"வேணாம்."

"ஏன்கா?"

"அவர் மூடி வெச்சதை நான் திறக்க மாட்டேன். பழைய வரியை அப்படியே வாசிக்கச் சொல்லு." பாதிக் கொலாச்சை என் கையில் வைத்தார். "நான் முன்வரிசையில உக்காருவேன். 'உறங்கிவிட்டதால்'னு வரும் பாரு, அப்போ எல்லாருக்கும் முன்னால நானே ஒரு கொட்டாவி விடுவேன். இத்தனை வருஷமா அவனுங்க விட்டதுக்கெல்லாம் சேர்த்து."

"அக்கா!"

"என்ன அக்கா? எங்கப்பன் கொட்டாவி. எனக்கு இல்லாத உரிமையா?"

(குறிப்பேட்டில் ஆண்டுதோறும் 'ஆறும் வானிலையும்' என்று ஒரு பகுதி உண்டு. அதில் இரு கரைகளின் உயரத்தையும், கரை திறந்திருக்கும் இடத்தையும் அளவுகளாக மட்டும் எழுதினேன். இதற்கு அக்கா சம்மதித்தார். ஒப்புதலுக்காக ஊர்க் குழுவில் படித்துக் காட்டியபோது கமில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறைவேறியது. என்றாவது ஒருவர் அந்த அளவுகளை நிதானமாகப் படிப்பார்.)

7

முடிவுகள்.

ஒன்று: ஊரே உண்மையை அறிந்து கண்ணீர் விடுகிறது. எழுதிப் பார்த்தேன். கமில் கண்ணீர் விடும் இடத்தில் எனக்கே சிரிப்பு வந்தது.

இரண்டு: விழாவுக்கு முந்தின வாரம் லிபுஷெ அக்கா இறந்துவிடுகிறார். கதைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. எழுதிய மறுநாள் ரொட்டிக்கடையில் அவர் என்னைப் பார்த்து, "ஏண்டி முகம் சிவந்திருக்கு?" என்றார். வீட்டுக்கு வந்து அவரை உயிரோடு எழுப்பினேன்.

மூன்று: விழாவில், அந்த வரி வந்தபோது, அக்கா நிஜமாகவே கொட்டாவி விட்டாரா? விட்டபோது ஊர் சிரித்ததா, அல்லது ஒரு கணம் அமைதியாகி, ஏதோ தங்களுக்குத் தெரியாதது இருக்கிறது என்று உணர்ந்ததா?

எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை. பிறகு அக்காவிடம் கேட்டேன். உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். ஆகவே அந்தச் சதுக்கத்தை உங்களிடம் விட்டுவிடுகிறேன். முன்வரிசையில் அவரை உட்கார வையுங்கள். நீல உடை. மடியில் கைப்பை. மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

(ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஒல்ஷின்காவை வரைபடத்தில் தேட வேண்டாம்.)

8

நான் எங்கே இருந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஹினெக் ராதிலின் கல்லறை ஒரு பக்கம் அமிழ்ந்து, அதைச் சுற்றிய கல் சட்டம் சாய்ந்திருந்தது. லிபுஷெ அக்காவின் முழங்கால்கள் இரண்டு வருடமாக அவரைக் குனிய விடவில்லை. ஊர் முழுவதும் சதுக்கத்தில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் கல்லறைத் தோட்டத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். பழைய கரையில் அவர் வெட்டிய இடத்தின் ஓரத்திலிருந்து நான்கு வாளி மண் கொண்டுபோனேன். முந்தின நாள் மழை, மண் கனத்தது. சட்டத்தை நெம்பி நிமிர்த்தி, பள்ளத்தை நிரப்பி, மட்டம் பார்த்தேன். தூரத்தில் ஒலிபெருக்கி ஏதோ ஆண்டை வாசித்துக்கொண்டிருந்தது. என் மண்வெட்டிச் சத்தத்தில் எந்த ஆண்டு என்று கேட்கவில்லை.

குழாயில் கை கழுவி, சட்டைக் கைகளை இழுத்துவிட்டுக்கொண்டு சதுக்கத்துக்கு வந்தபோது வாசிப்பு முடிந்திருந்தது. கமில் பீர்க் கோப்பையுடன் வந்தார்.

"எங்க போயிட்டீங்க வில்மா? குறிப்பேட்டு அம்மாவையே காணோம்னு எல்லாரும் தேடினோம்!"

"தூங்கிட்டேன்" என்றேன்.

கமில் ஒரு கணம் விழித்தார். பிறகு முகம் மலர்ந்து, சுற்றியிருந்தவர்கள் பார்க்க, வாயைப் பிளந்து பெரிய கொட்டாவி ஒன்று விட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் தலைகுனிந்து அதை வாங்கிக்கொண்டேன்.