கோமதிநாயகத்தின் ஐந்தாவது காரியம்

தென்துருவத்துக்குப் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன்பே தங்கள் இறுதிச் சடங்கை முடித்துவிட வேண்டும். அங்கே இறந்தவரின் உடலைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை என்பதால் இந்த ஏற்பாடு. முன்பெல்லாம் சடங்கு செய்யாமலே அனுப்பினார்கள். ஆள் வரமாட்டார் என்று தெரிந்த பிறகும் வீட்டில் ஒரு தட்டைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு பல வருடங்கள் காத்திருந்தார்கள். அது யாருக்கும் நல்லதாக இல்லை. இப்போது அழுது முடித்த குடும்பத்திலிருந்துதான் ஆள் எடுக்கிறார்கள்.

சங்கரன்கோவில் கோமதிநாயகம் நான்கு முறை துருவத்துக்குப் போய் வந்தவர். எனவே நான்கு முறை செத்தவர். வயது ஐம்பத்து மூன்று. இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. மூக்கின் நுனி கறுத்து, தட்டினால் சத்தம் வரும். பிள்ளைகள் இல்லை. மனைவி உலகம்மாள் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்தாள்.

அந்த வருடம் அவர் ஐந்தாவது பயணத்துக்கு ஆயத்தமானார். தினமும் காலை பதினொரு மணி வெயிலில் இரண்டு லாரி டயர்களை இடுப்பில் கட்டி ராஜபாளையம் ரோட்டில் மூன்று மைல் இழுத்தார். பிற்பகலில் ஐஸ் கம்பெனியில் பாளங்களுக்கு நடுவே இரண்டு கோட்டுகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பில் கொழுப்பு ஏறுவதற்காகக் கடலைமிட்டாயை நெய்யில் தோய்த்துச் சாப்பிட்டார். பாரம் குறைய வேண்டும் என்று பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்து வைத்தார். கப்பல் ஐப்பசியில். ஆவணி முதல் வாரத்தில் காரியத்துக்கு நாள் குறித்தார்கள்.

காரியத்தைப் பார்வையிடப் பாளையங்கோட்டை அலுவலகத்திலிருந்து துக்க ஆய்வாளர் எஸ்தர் வந்தார். நான்கு முறையும் வந்தவர் அவர்தான். துக்கம் போதுமானதாக இருக்கிறதா என்று பார்த்துப் படிவத்தில் எழுத வேண்டியது அவர் வேலை. முதல் முறை உலகம்மாள் அழுத அழுகையில் தெருமுனை வரை கடைகளைச் சாத்தினார்கள். இரண்டாவது முறை வாசல் தூணில் தலையை மோதிக்கொண்டாள். மூன்றாவது முறை முறையாக அழுதாள். நான்காவது முறை நடுவில் எழுந்து போய், பொங்கிய பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து அழுதாள். எஸ்தர் அதையும் போதுமானது என்றுதான் எழுதியிருந்தார்.

இந்த முறை கோமதிநாயகத்தை நடுவீட்டில் கிடத்தி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, மூக்கில் பஞ்சு வைத்தார்கள். உறவுக்காரப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து தங்கள் பங்குக்கு அழுதார்கள். உலகம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டிருந்தாள். எஸ்தர் நாற்காலியில் மத்தியானம் வரை காத்திருந்தார்.

"அம்மா, கண்ணே கலங்கலையே."

"நானும் பாக்கேன் மேடம். வர மாட்டேங்கு."

"கொஞ்சம் பழசை நினைச்சுப் பாருங்க."

"எல்லாத்தையும் நெனச்சுப் பாத்துட்டேன்."

எஸ்தர் படிவத்தில் 'துக்கம் போதவில்லை' என்று எழுதி, முப்பது நாள் கழித்து இன்னொரு வாய்ப்பு உண்டு, அதுவே கடைசி என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். பாடையைப் பிரித்து மூங்கிலைத் திருப்பிக் கொடுத்தார்கள். கோமதிநாயகம் தானே கட்டை அவிழ்த்து எழுந்து, அடுக்களைக்குப் போனார்.

"ஏன் உலகு, இப்படிப் பண்ணிட்டே?"

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "வேணும்னா பண்ணேன்? அழுது தீந்துட்டுங்க. நாலு தடவ உசுரக் குடுத்து அழுதேன். நாலு தடவயும் வந்து நின்னீய. இப்ப உங்களக் கெடத்துனா, எந்திச்சதும் என்ன குழம்பு கேப்பீயன்னுதான் தோணுது."

அவருக்கு அவமானமாக இருந்தது. அன்று முழுக்க டயர் இழுக்கப் போகவில்லை. மறுநாள் ஒரு முடிவுக்கு வந்தார். போகிறவனை நினைத்து அவள் அழ வேண்டுமானால், முதலில் இருக்கிறவனாக இருந்து காட்ட வேண்டும். அதையும் பயண ஆயத்தத்தில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார். டயர் இழுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தார்.

அடுக்களைக் குழாயில் எட்டு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரை நிறுத்தினார். தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டார். அவள் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து பார்த்ததில், அவளுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்று தெரிந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருடமாக வாரம் மூன்று நாள் அந்த வீட்டில் கத்தரிக்காய்க் குழம்புதான். "சொல்லியிருக்கலாம்லா?" என்றார். "சொல்லலாம்னு பாப்பேன். நீங்க கெளம்பிட்டு இருப்பீய," என்றாள்.

இருபதாம் நாள் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனார். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. அவள் நனைந்த தலையோடு வந்து பாறையில் உட்கார்ந்து, கூட்டத்தில் ஒருவர் செருப்பை ஒருவர் மாற்றிப் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரிப்பு இப்படி இருக்கும் என்பதை அவர் மறந்திருந்தார்.

"அங்க என்னதான் இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. வெள்ளையா இருக்கும். காத்து அடிக்கும்."

"அந்தக் காத்துல எப்படி இருப்பீய?"

அவர் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னார். "கூடாரத்துக்குள்ள கைகால் விறைச்சுப் போனதும் கண்ண மூடிக்கிடுவேன். நீ அழுத சத்தத்த நெனச்சுக்கிடுவேன். அதுல கொஞ்சம் சூடு இருக்கும். அத வச்சுத்தான் திரும்பி வருவேன்."

உலகம்மாள் சேலை முந்தானையைப் பிழிந்தாள். "நாலு தடவயும் அதானா?"

"நாலு தடவயும் அதான்."

 திரும்பும் பஸ்ஸில் அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

முப்பதாம் நாள் மறுபடி அவரைக் கிடத்தினார்கள். எஸ்தர் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறப்பதற்கு முன்பே உலகம்மாள் தொடங்கிவிட்டாள். அது தொண்டையிலிருந்து வந்த சத்தம் இல்லை. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் தங்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"முப்பது நாளு! இருபத்தாறு வருசத்துல எனக்கு முப்பது நாளு குடுத்தீயளே! நான் கேட்டனா? கத்தரிக்காயத் தின்னுக்கிட்டு நான் பாட்டுக்கு இருந்தேனே!"

மூக்கில் பஞ்சோடு கிடந்த கோமதிநாயகத்துக்கு மூச்சு முட்டியது. எழுந்து உட்கார்ந்து, "போகலை உலகு" என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நடுவில் எழுந்தால் கடைசி வாய்ப்பும் போய்விடும் என்று உடனே தோன்றியது. அசையாமல் கிடந்தார். கண்ணோரத்தில் நீர் வழிந்தது. இறந்தவர் அழுதால் படிவத்தில் குறிக்க வேண்டும். எஸ்தர் குனிந்து, யாரும் பார்க்காதபடி தன் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டார். பிறகு படிவத்தில் 'துக்கம் மிக அதிகம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சுடுகாட்டில் அவருக்குப் பதிலாகத் தர்ப்பையால் செய்த உருவத்தை எரித்தார்கள். அவர் வழக்கம்போலச் சுடுகாட்டின் பின்வழியாக நடந்து ஐஸ் கம்பெனிக்குப் போனார். பயணம் போய்த் திரும்பும்வரை இறந்தவர் வீட்டுப் பக்கம் போகக் கூடாது, பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அவரோடு யாரும் பேசவும் கூடாது. முந்தைய நான்கு முறையும் அந்தப் பதினாறு நாட்களில்தான் அவர் உடம்பு நன்றாகத் தேறியது. இந்த முறை பாளங்களுக்கு நடுவே கண்ணை மூடினால் சத்தம் கேட்டது, ஆனால் அதில் சூடு இல்லை. கடலைமிட்டாய் இறங்கவில்லை. மூன்று கிலோ எடை குறைந்தார்.

பதினேழாம் நாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் பாளையங்கோட்டைக்குப் போனார். பயணத்தை ரத்து செய்யக் கேட்டு எழுதிய மனுவை எஸ்தரிடம் நீட்டினார். எஸ்தர் வாங்கவில்லை.

"இறந்தவங்க குடுக்கிற மனு செல்லாது சார்."

"உயிரோடத்தானே நிக்கேன்."

"உயிர்ச் சான்றிதழ்ல தென்துருவத்து முத்திரை இருக்கணும். நாலு தடவை வாங்கிட்டு வந்திருக்கீங்களே."

"அப்போ நான் வீட்டுக்குப் போகணும்னா?"

"போயிட்டு வரணும் சார். போகாம எப்படித் திரும்பி வருவீங்க?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எஸ்தர் கோப்புகளின் அடியிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மேலே உலகம்மாள் என்று எழுதியிருந்தது.

"நேத்து காரியம் முடிஞ்ச கையோட பதினொரு மணிக்கு வந்தாங்க. அவங்களும் விண்ணப்பம் குடுத்திருக்காங்க."

"அவளுக்கும் காரியம் பண்ணணுமே. நாள் குறிக்கணும், ஆள் கூடணும்..."

"அழ ஆள் இல்லாதவங்களுக்கு அந்தத் தடை கிடையாது. உடனே அனுமதி குடுத்துடலாம்."

"நான் இருக்கேனே."

"நீங்க இறந்துட்டீங்க சார்," என்றார் எஸ்தர் தாழ்ந்த குரலில். "மத்தியானக் கப்பல்லயே போயிட்டாங்க."

கோமதிநாயகம் விண்ணப்பத்தைப் புரட்டினார். உலகம்மாளின் கையெழுத்து தையல் போலச் சீராக இருந்தது. அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தாள். கொண்டுபோகும் உடைகள் என்ற இடத்தில் 'கணவருடைய பழைய ஸ்வெட்டர், ஒன்று'. பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில், 'அழுத சத்தம் அங்கே வரை கேட்கிறதா என்று பார்ப்பதற்கு.'

அவர் கோப்பை மூடி, நாடாவைக் கட்டித் திருப்பிக் கொடுத்தார். தன்னுடைய கப்பல் என்றைக்கு என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றார் எஸ்தர்.

செவ்வாய்க்கிழமை காலை தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பனியில் இழுக்கும் சறுக்குவண்டியோடு போய்ச் சேர்ந்தார். கடல் கரை வரை உறைந்திருந்தது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மீன்காரப் பெண்கள் கூடைகளை நேராகக் கடல்மேலேயே வைத்து வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். துறைமுக ஊழியர் ஒருவர் பதிவேட்டோடு வந்தார்.

"கப்பல் நகராது அண்ணாச்சி. எல்லாரையும் நடந்தே போகச் சொல்லிட்டாங்க. இதுல ஒரு கையெழுத்து."

'கடலைக் கெட்டியாகவும் சேதமில்லாமலும் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருந்தது. கோமதிநாயகம் கையெழுத்துப் போட்டார். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கித் தெற்கே நடந்தார். அலைகள் பாதி எழும்பி நின்றுவிட்டிருந்த இடங்களில் மட்டும் வண்டியைத் தூக்கிக் கடத்த வேண்டியிருந்தது.